மஞ்சள் காரும் ஒரு டப்பா பிரைமரும்

"இந்த ஜென்மத்தில் பிரைமர் அடிக்க மாட்டேன்" என்று நான் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. சபதம் எடுக்கிறவன் கையில் வாள் இருக்க வேண்டும். என் கையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிவப்புக் கார் இருந்தது. அதுவும் பாதி தோல் உரிந்த கார்.

நடந்தது இதுதான். எனக்கு பிளாஸ்டிக் கார் செய்கிற பைத்தியம் உண்டு. பெட்டியில் துண்டு துண்டாக வரும். ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்தால் நிஜக் காரைச் சுருக்கி மேஜையில் நிறுத்தின மாதிரி இருக்கும். மூன்று வாரம் உழைத்து முடித்த சிவப்புக் காரின் கூரையில் ஒரு கறுப்புக் கோடு போட ஆசைப்பட்டேன். இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டினேன். கோடு போட்டேன். டேப்பை உரித்தேன். கூரையிலிருந்த சிவப்பும் டேப்போடு கிளம்பி வந்துவிட்டது.

அறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். டேப் உரிகிற சத்தம் எங்கே கேட்டாலும் வந்து நிற்பாள்.

"பிரைமர் அடிச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"தேவையில்ல."

"கார் வேற மாதிரி சொல்லுதே."

பிரைமர் என்பது ஒன்றுமில்லை, அடிப்பூச்சு. கலர் அடிப்பதற்கு முன்னால் ஒரு கோட் அடித்தால் அதன் மேல் கலர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பது ஒரு கட்சி. பிளாஸ்டிக்கே வழவழவென்று இருக்கிறது, அதன் மேல் எதற்கு இன்னொரு சட்டை, நுணுக்கமான கோடெல்லாம் மூடிப்போகும் என்பது இன்னொரு கட்சி. நாற்பத்து மூன்று பேர் இருக்கிற எங்கள் போன் குரூப்பில் இரண்டாவது கட்சிக்கு நான்தான் தலைவர். யாரும் கேட்காமலே நான் பொறுப்பேற்றுக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒன்றும் ஆராய்ச்சி பண்ணி எடுத்த முடிவில்லை. என் மாமனார் நாற்பது வருஷம் நிஜக் காருக்குப் பெயிண்ட் அடித்தவர். கல்யாணமான மறுவாரம் என் ஸ்கூட்டரைச் சுற்றி வந்து, "பிரைமர் போடாம அடிச்சு ஏமாத்திட்டான் மாப்பிள்ளை" என்றார். அன்றிலிருந்து எதைப் பேசினாலும் அங்கேதான் வந்து நிற்பார். வேலை மாறலாமா என்று கேட்டால், "எதுக்குமே அடிப்பூச்சு முக்கியம் மாப்பிள்ளை." பல் வலிக்கிறது என்றால், "அடியில கவனிக்கல மாப்பிள்ளை." பதினாறு வருஷமாக இதைக் கேட்கிற மனுஷனுக்கு அந்த வார்த்தை மேலேயே வெறுப்பு வருமா, வராதா, நீங்களே சொல்லுங்கள்.

"எங்க அப்பா பார்த்திருந்தா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"உங்க அப்பா அடிச்சது தகரத்துக்கு. இது பிளாஸ்டிக். ரெண்டும் வேற ஜாதகம். பிரைமரே இல்லாம ஒரு கார் அடிச்சுக் காட்றேன். டேப் என்ன, நாயே கடிச்சு இழுத்தாலும் பெயிண்ட் வராது."

"நிஜமாவா?"

"சவால்."

அவள் உள்ளே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தாளானால் ஏதோ ஒன்று என் கையை விட்டுப் போகப்போகிறது என்று அர்த்தம்.

"சவால்னா பந்தயம் வேணுமே. நான் ஜெயிச்சா இந்த ரூம் எனக்கு."

எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே உபரி அறை அது. எட்டுக்கு ஏழு. நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல். என் மேஜை, என் விளக்கு, என் நூற்றுப் பதினோரு சின்னப் பெயிண்ட் புட்டி, கண்ணாடி அலமாரியில் வரிசையாக என் கார்கள். ஆபீஸில் எனக்கென்று ஒரு ஸ்டாப்ளர்கூடக் கிடையாது. உலகத்தில் எனக்குச் சொந்தமான இடம் அந்த ஐம்பத்தாறு சதுர அடிதான்.

"உனக்கு எதுக்கு ரூம்?"

"ஒரு சாய்வு நாற்காலி போடுவேன். கதவைச் சாத்திக்குவேன். ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. வார்டுல இருபத்தாறு பேர் கூப்பிடறாங்க. வீட்டுக்கு வந்தா நீங்க ஒருத்தரே இருபத்தாறு தடவை கூப்பிடறீங்க."

"நான் எங்க கூப்பிடறேன்?"

"நேத்து சாயங்காலம் நகவெட்டி எங்கன்னு கேட்டுக் கூப்பிட்டீங்க. கையில வச்சுக்கிட்டே."

பேச்சை மாற்றுவதற்காக, "நான் ஜெயிச்சா?" என்றேன்.

"ரூம் ஆயுசுக்கும் உங்களுது. நானும் எங்க அப்பாவும் பிரைமர்ங்கிற வார்த்தையையே எடுக்க மாட்டோம்."

இதைவிட ஒரு மருமகனுக்கு வேறென்ன வேண்டும்? உடனே ஒத்துக்கொண்டேன். "ஆனா ஒரே மாதிரி ரெண்டு கார் வேணும். நீயும் ஒண்ணு அடிக்கணும். அதுக்கு எங்க போறது?"

"பீரோ மேல சூட்கேஸுக்குப் பின்னால பழைய பெட்ஷீட்ல சுத்தி வச்சிருக்கீங்களே, மஞ்சள் கார் பெட்டி. ஒண்ணில்ல, ரெண்டு இருக்கு. ஒண்ணு செய்ய, ஒண்ணு பார்த்துக்கிட்டே இருக்க."

அந்த இடம் ஒன்பது மாதமாக என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போகட்டும்.

நிபந்தனைகளைப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் நானே எழுதினேன். ஒன்று, நான் பிரைமர் இல்லாமல் அடிக்க வேண்டும். இரண்டு, அவள் எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். பாவம், முதல் தடவை பெயிண்ட் அடிக்கிறாள், பிழைத்துப் போகட்டும் என்று பெருந்தன்மையாக நான்தான் அதைச் சேர்த்தேன். மூன்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா நடுவராக இருந்து, ஆஸ்பத்திரி பிளாஸ்டரை ஒட்டி உரித்துப் பார்ப்பார்.

"நாலாவதா ஒண்ணு," என்றேன். "யாராவது தில்லுமுல்லு பண்ணினா, பெயிண்ட் நின்னாலும் தோத்ததா அர்த்தம்."

"நல்லா யோசிச்சுத்தான் எழுதறீங்களா?"

"நான் யோசிக்காம எதையும் எழுத மாட்டேன்."

"சரி, கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

அன்று சாயங்காலமே அவள் கடைக்குப் போய் ஒரு டப்பா ஸ்ப்ரே பிரைமர் வாங்கி வந்தாள். சாம்பல் நிறம். அதைச் சமையலறை அலமாரியில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தாள். "இது என்னோடது. தொடாதீங்க."

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்? எனக்கு அது விஷம்," என்றேன்.

திங்கட்கிழமை இரண்டு காரின் மேல்கூடுகளையும் அவளே பெட்டியிலிருந்து எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு ஒட்டி, என்னுடையதை என் மேஜையில் வைத்திருந்தாள். பார்சல் பளிச்சென்று இருந்தது. நர்ஸ் புத்தி, எதையும் பையில் போட்டு ஒட்டாமல் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் பாடு. காரில் கை வைப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். செவ்வாய்க்கிழமை ஒரு ஸ்பூன் எடுத்து மஞ்சள் அடித்தேன். பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட். சிப்ஸ் இல்லாமல் எனக்குக் கை நடுங்கும். காய்ந்த பிறகு டேப் ஒட்டி உரித்தேன். மஞ்சள் மொத்தமாக வந்துவிட்டது. சரி, ஸ்பூன் மட்டம் என்று இன்னொன்று அடித்தேன். அதுவும் வந்தது. புதன்கிழமை புதுப் பாக்கெட்டிலிருந்து மூன்றாவது ஸ்பூன். டேப்பை ஒட்டும்போதே பெயிண்ட் கிளம்பத் தயாராக இருந்தது.

மூன்று ஸ்பூனையும் குப்பைக்கூடையில் அடியில் தள்ளி, மேலே செய்தித்தாளைப் போட்டு மூடினேன். சாய்வு நாற்காலி கண் முன்னால் வந்து ஆடியது.

அன்றைக்குப் பார்த்து மாடிவீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் படியில் பிடித்துக்கொண்டார். அவர் எங்கள் குரூப்பில் பிரைமர் கட்சித் தலைவர்.

"என்ன சார், ஞாயிற்றுக்கிழமை போட்டியாமே? வீட்டம்மா சொன்னாங்க. நான் வந்து வீடியோ எடுத்து குரூப்ல போடட்டுமா?"

"தாராளமா போடுங்க. எனக்கென்ன பயம்?"

நான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார் வாங்குகிற மேஜையில் வேலை செய்கிறவன். யாராவது லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு போன் பண்ணினால், "பதறாதீங்க, பத்து நிமிஷத்துல ஆள் வந்துடுவார்" என்று சொல்ல வேண்டும். ஆள் எங்கே இருக்கிறார் என்று எனக்கே தெரியாது. பதினெட்டு வருஷம் அந்தக் குரலில் பேசிப் பேசி, உள்ளே எத்தனை நடுக்கம் இருந்தாலும் வெளியே தெரியாது.

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. அவளுக்குக் காலை டியூட்டி. ஏழு மணிக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஏழு ஐந்துக்கு நான் சமையலறை அலமாரி முன்னால் நின்றேன்.

மனசாட்சி ஒன்று இருக்கிறதே, அது பேசியது. "சபதம் எடுத்தியே?" "இந்த ஜென்மத்துல அடிக்க மாட்டேன்னு சொன்னேன். வியாழக்கிழமை அடிக்க மாட்டேன்னு சொல்லல," என்றேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்துவிட்டது.

திருட்டு என்றால் முறையாகச் செய்ய வேண்டும். டப்பாவின் லேபிள் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். விரலில் சாம்பல் ஒட்டக் கூடாது என்று அவள் மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன். கையுறையோடு சிப்ஸ் தின்ன முடியாது. அந்தத் தியாகத்தையும் செய்தேன். பால்கனியில் அட்டைப் பெட்டிக்குள் காரை வைத்து, குலுக்கி, பிரைமரை இரண்டு கோட் அடித்தேன். பதினாறு வருஷம் மாமனாரிடம் திட்டு வாங்கினது வீண் போகவில்லை. என்ன அழகாகப் படிந்தது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதை மிகவும் பிடித்திருந்தது.

டப்பாவைப் படத்தில் இருந்தபடியே வைத்தேன். அவள் மூன்று மணிக்கு வந்தாள். முதல் வேலையாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஏதோ எழுதினாள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சார்ட் உண்டு. தண்ணீர் குடித்ததற்கு, செடிக்கு ஊற்றியதற்கு, நான் நடைப்பயிற்சி போகாததற்கு. அந்தக் காகிதத்தில் 412, 412 என்று வரிசையாக இருந்தது. இன்றைக்கு 351. அரிசி டின் போலிருக்கிறது, அரிசி குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மஞ்சள் அடித்தேன், அதுவும் கையுறையோடு. சனிக்கிழமை அவள் தன் காரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. ஜெயிக்கப்போகிறவனுக்கு அந்த அவசியம் கிடையாது.

ஞாயிறு காலை. கூடத்து மேஜையில் இரண்டு மஞ்சள் கார்கள். மாமனார் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த டார்ச்சால் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக்காரர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை, உங்க மஞ்சள் கொஞ்சம் மங்கலா இருக்கே?"

"அது வெயில்ல நின்ன காரோட மஞ்சள் மாமா. தத்ரூபம்."

"மஞ்சள் காமாலை மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. தொழில் பேச்சு. அவளுடைய கார் எலுமிச்சம்பழம் மாதிரி பளபளத்தது. பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன்.

மாமனார் இரண்டு காரின் கூரையிலும் பிளாஸ்டர் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். பத்து எண்ணினார். முதலில் அவள் காரில் உரித்தார். ஒரு பொட்டுப் பெயிண்ட் வரவில்லை. அடுத்து என் கார். சர்ரென்று உரித்தார். பிளாஸ்டர் வெள்ளையாக வந்தது.

நான் எழுந்து நின்றேன். பேச்சை இரண்டு நாளாகத் தயாரித்து வைத்திருந்தேன். "மாமா, நன்றாகப் பாருங்கள். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் ஒரு மூடநம்பிக்கை..."

"அப்பா," என்றாள் மனைவி, "உள்பக்கத்துல ஓரமா ஒரு சுரண்டு சுரண்டிப் பாருங்களேன்."

"அதெல்லாம் நிபந்தனையில இல்ல," என்றேன்.

"நாலாவது நிபந்தனையில இருக்கு. நீங்கதான் எழுதினீங்க."

மாமனார் பிளேடை எடுத்தார். என் காரைக் கவிழ்த்து, சக்கரத்துக்கு மேலே ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சுரண்டினார். டார்ச் அடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அடியில சாம்பல் தெரியுது."

"நிழலா இருக்கும் மாமா."

"டார்ச் அடிச்சிருக்கேன்."

"டார்ச்சோட நிழல்."

"சார், கொஞ்சம் நகருங்க, வீடியோல சாம்பல் சரியா விழல," என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர்.

"பிளாஸ்டிக்கே அந்தக் கலர்தான்," என்றேன். "வேணும்னா அவ காரையும் சுரண்டுங்க. அதுலயும் சாம்பல்தான் இருக்கும்." அவள்தான் பிரைமர் அடித்திருப்பாளே, இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் தப்பித்துவிடலாம் என்பது என் கணக்கு. அந்த அவசரத்தில் இவ்வளவு தோன்றியதே எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமனார் அவள் காரைச் சுரண்டினார். மஞ்சளுக்கு அடியில் பால் வெள்ளையாகப் பிளாஸ்டிக். சாம்பல் இல்லை. பிரைமர் இல்லை. ஒன்றுமே இல்லை.

"நீ பிரைமர் அடிக்கலையா?" என்று நானும் மாமனாரும் ஒரே நேரத்தில் கேட்டோம். எங்கள் இருவருக்கும் கருத்து ஒன்றுபட்டது அன்றுதான்.

"நான் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லையே," என்றாள். ஃபிரிட்ஜிலிருந்து காகிதத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். "தினமும் சமையல் தராசுல வச்சு எடை எழுதியிருக்கேன். திங்கள் 412. செவ்வாய் 412. புதன் 412. வியாழன் காலை ஆறே முக்காலுக்கு 412. மத்தியானம் மூணேகாலுக்கு 351. அன்னிக்கு வீட்டுல இருந்தது யாரு?"

மாமனார் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. ஓடிப்போன மகன் திரும்பி வந்தால் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, பிரைமர் அடிச்சீங்களா?" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானே வந்து அடிச்சுக் கொடுத்திருப்பேனே." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "நீ அடிக்கலையாம்மா?" என்று மனம் உடைந்து கேட்டார்.

குரூப்பில் வீடியோ போய்விட்டது. பிரைமர் கட்சியில் என்னை வரவேற்று முப்பத்தொரு செய்தி வந்தது. பிரைமர் வேண்டாம் கட்சிக்கு ஒருமனதாகப் புதுத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அப்போது என் அறையில் நின்று ஜன்னலுக்கு நேராக நாற்காலி போடலாமா, பக்கவாட்டில் போடலாமா என்று அளந்துகொண்டிருந்தார்.

என் மேஜை இப்போது துணி துவைக்கிற மெஷினுக்கு மேலே இருக்கிறது. மெஷின் ஓடும்போது கோடு போட முடியாது. கார்களுக்கு மட்டும் அவள் மனமிரங்கி அலமாரியை அறையிலேயே இருக்க அனுமதித்திருக்கிறாள். சாய்ந்து உட்கார்ந்தால் பார்க்க நன்றாக இருக்கிறதாம். அந்த வார்த்தையில் எனக்கு உள்ளூர ஒரு குளுமை. நூற்றுப் பதினோரு புட்டி போனாலும் ரசிகை ஒருத்தி கிடைத்தாளே.

இருந்தாலும் ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் சாயங்காலம் சாத்தியிருந்த கதவை லேசாகத் தட்டினேன்.

"என்ன?"

"ஒரே ஒரு சந்தேகம். இனிமே தட்ட மாட்டேன்."

"பதறாதீங்க. பத்து நிமிஷத்துல ஆள் வந்துடுவார்."

பத்து நிமிஷம் நின்றேன். கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது.

"பிரைமர் இல்லாம உன் கார்ல எப்படிப் பெயிண்ட் நின்னுது? என் ஸ்பூன் மூணும் உரிஞ்சு போச்சே."

"குப்பையில பார்த்தேன். மூணுலயும் சிப்ஸ் எண்ணெய். எண்ணெய்க் கையால தொட்ட இடத்துல எது ஒட்டும்? சோப்புத் தண்ணியில கழுவி, மெல்லிசு உப்புத்தாள்ல தேய்ச்சு, கை படாம அடிச்சா போதும். காயத்துல பிளாஸ்டர் ஒட்டறதுக்கு முன்னாடி நாங்க பண்றதுதான்."

"அப்போ என் காரைக் கழுவியிருந்தா..."

"கழுவினேனே. திங்கட்கிழமை ரெண்டு காரையும் ஒண்ணாத்தான் கழுவித் தேய்ச்சுப் பையில போட்டேன். போட்டின்னா நியாயமா இருக்க வேணாமா? அதுக்கு மேல நீங்க கையுறை வேற போட்டிருக்கீங்க. பிரைமரே அடிக்காம இருந்திருந்தாலும் உங்க பெயிண்ட் நின்னிருக்கும். ரூமும் உங்களுக்கே கிடைச்சிருக்கும்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஜெயிச்சிடுவேன்னு தெரிஞ்சேவா கழுவி வச்ச? ரூம் வேணும்னு சொன்னியே, கொஞ்சம்கூடப் பயம் இல்லையா உனக்கு?"

"எனக்கு எதுக்குங்க பயம்?" என்று கதவைச் சாத்திக்கொண்டே சொன்னாள். "நீங்க சொல்றதை இந்த வீட்டுல யாருமே நம்ப மாட்டாங்க, நீங்க உள்பட."